கீஸ்லோவ்ஸ்கி ஆவணப்படத்தை விட்டது ஏன்? பிரான்ஸ் படங்கள் சறுக்கலா?

பாதரசம்

போலந்துத் திரைப்பட இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி என்றதும் நம்மவர்கள் ‘ப்ளூ’, ‘ஒயிட்’, ‘ரெட்’ என்று மூன்று வண்ணப் படங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்சம் தேடிப் போகிறவர்கள் ‘டெகலாக்’ தொலைக்காட்சித் தொடர் வரை வருவார்கள். அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. லோட்ஸ் திரைப்படப் பள்ளியை விட்டு வெளியே வந்ததிலிருந்து 1980 வரை இந்த மனிதர் முக்கியமாக ஆவணப்பட இயக்குநர். மருத்துவமனை, ரயில் நிலையம், தொழிற்சாலை, பாலே பள்ளி என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போலந்து முழுக்க அலைந்தவர்.

என் கட்சி இதுதான்: அவருடைய உண்மையான சாதனை 1989க்குள் முடிந்துவிட்டது. பிரான்ஸ் தயாரிப்பில் வந்த நான்கு படங்களும் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் ‘டபுள் லைஃப் ஆஃப் வெரோனிக்’ படத்தில் அந்தப் பொன்மஞ்சள் ஒளியையும் இரேன் ஜேக்கபின் முகத்தையும் பிரெய்ஸ்னரின் இசையையும் எடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்று 1980இல் ஒரு படம். கால் மணி நேரம்தான். பல வயதுக்காரர்களிடம் ஒரே கேள்விகள்: எந்த வருடம் பிறந்தீர்கள், நீங்கள் யார், உங்களுக்கு என்ன வேண்டும்? குழந்தையில் தொடங்கி நூறு வயதுப் பாட்டியில் முடியும். பாட்டி இன்னும் கொஞ்சம் வாழ ஆசைப்படுகிறார். ஒரு நாட்டையே அதில் பார்த்துவிடலாம். மூன்று வண்ணங்களிலும் சேர்த்து எனக்கு அவ்வளவு கிடைக்கவில்லை.

அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வாருங்கள்.

நீலா_ரா

வந்தாச்சு. முகத்தையும் ஒளியையும் இசையையும் எடுத்துவிட்டால் சினிமாவில் யார் படத்திலும் ஒன்றும் மிஞ்சாது சார். இது என்ன கணக்கு?

ரீல்பெட்டி

பாதரசம் எழுப்பிய விஷயம் நல்லது, முடிவில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர் ஆவணப்படத்தை விட்டதற்குக் காரணம் பிரான்ஸோ பணமோ கிடையாது. ‘ஸ்டேஷன்’ ஆவணப்படம் எடுத்த கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

வார்சா மத்திய ரயில் நிலையத்தில் இரவு பகலாகப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே காசு போட்டுப் பூட்டும் பெட்டிகளோடு பயணிகள் திண்டாடுவதையும் எடுத்தார்கள். ஒரு நாள் போலீஸ் வந்து எடுத்த நெகட்டிவ் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஏன் என்று முதலில் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது: ஒரு பெண் தன் தாயைக் கொன்று, உடலைப் பெட்டிகளில் அடைத்து, அதே நிலையத்தின் லாக்கரில் வைத்திருக்கிறாள். அவள் தற்செயலாகப் படத்தில் விழுந்திருக்கிறாளா என்று போலீஸ் தேடியது. விழவில்லை, படச்சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கீஸ்லோவ்ஸ்கியை உறுத்தியது வேறு. கேமரா இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அவள் பதிவாகியிருப்பாள், தான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் போலீஸின் ஆளாகியிருப்போம் என்று தோன்றிவிட்டது. கொலைகாரிதானே, பிடிபடட்டுமே என்று நாம் சொல்லலாம். அன்றைய போலந்தில் போலீஸ் தேடியது கொலைகாரர்களை மட்டுமில்லை. நாளைக்கு வேறு ஒருவனை இதே மாதிரி தேட மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

படம் முடியும் இடத்தைக் கவனியுங்கள். நிலையத்தின் மேலே கண்காணிப்புக் கேமராக்கள். கடைசியில் ஓர் அறை, அதில் வரிசையாகத் திரைகள், அவற்றின் முன்னால் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள்.

பாதரசம்

இது தெரியும் ரீல்பெட்டி சார். இது நடந்தது 1980 வாக்கில். அதற்கு முன்னாலேயே ‘நைட் போர்ட்டர்’ எடுத்துவிட்டாரே (1977). அந்தக் காவலாளி ஒரு குட்டி சர்வாதிகாரி. சட்டம் ஒழுங்கு என்று பேசிக்கொண்டே போவான், தன்னைத்தானே அம்பலப்படுத்திக்கொள்வான். அதிகாரத்தைப் பற்றி இப்படிக் கச்சிதமான படம் அரிது.

ரீல்பெட்டி

அந்தப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது தொலைக்காட்சியில் வரக்கூடாது என்று எதிர்த்தவர் யார்? இயக்குநரேதான். அக்கம்பக்கத்தார் பார்த்தால் அந்த மனிதர் தலைகுனிய நேரும் என்று. அவருக்கு அந்தக் காவலாளிமேல் கோபம் இல்லை, அப்படி ஒரு மனநிலையை வளர்க்கிற ஏற்பாட்டின்மேல்தான் கோபம். ஆனால் திரையில் ஏற்பாட்டுக்கு முகம் கிடையாது, இந்த ஆளுக்குத்தான் உண்டு. ஆவணப்படத்தின் சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

கடற்கரைச்சாலை

ரீல்பெட்டி அண்ணன் சொன்னதோடு ‘கேமரா பஃப்’ (1979) சேர்க்க வேண்டும். குழந்தை பிறக்கப்போகிறது என்று எட்டு மில்லிமீட்டர் கேமரா வாங்குகிறான் பிலிப். தொழிற்சாலை மேலாளர் அதைப் பார்த்து, ஆண்டுவிழாவைப் படம்பிடி என்கிறார். பிடிக்கிறான், பரிசு வாங்குகிறான், ருசி கண்டுவிடுகிறான். மனைவி போய்விடுகிறாள். அவன் எடுத்த படத்தால் அவனுக்கு ஆதரவாக நின்ற ஒரு நல்ல மனிதரின் வேலையே போகிறது. கடைசியில் ஒரு படச்சுருளைத் தானே வெளிச்சத்தில் காட்டிக் கெடுத்துவிட்டு, கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

ரயில் நிலையச் சம்பவத்துக்கு முன்பே எழுதி எடுத்த படம் இது. ஆகவே போலீஸ் வந்துதான் அவர் பயந்தார் என்பதில்லை. முன்பே உள்ளே ஓடிக்கொண்டிருந்த சந்தேகத்துக்குப் போலீஸ் வந்து முத்திரை குத்தியது, அவ்வளவுதான். பிலிப்பாக வரும் ஜெர்சி ஸ்டூரின் நடிப்பைப் பற்றித் தனி இழையே போடலாம்.

செங்குன்றம்

எல்லாரும் நாசூக்காகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன். 1980இல் கப்பல்கட்டும் தளத்தில் சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறக்கிறது. இன்னொரு போலந்து இயக்குநர் வய்தா ‘மேன் ஆஃப் அயர்ன்’ எடுத்து 1981இல் கான் விழாவில் தங்கப் பனை வாங்குகிறார். அதே ஆண்டு டிசம்பர் 13இல் ராணுவச் சட்டம் வருகிறது, ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போகிறார்கள். சரியாக இந்த நேரத்தில்தான் நம் ஆள் அரசியலிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு ஆத்மா, தற்செயல், விதி என்று பேசத் தொடங்குகிறார். ‘தனிமனித அறம்’ என்கிற பேச்சு பல நேரம் தெருவில் இறங்காதவர்கள் போர்த்திக்கொள்ளும் சால்வை.

வக்கீல்_குமாஸ்தா

தோழர் செங்குன்றம், தேதிகள் சரி, தீர்ப்புதான் அவசரம். நீதிமன்ற வாடை தெரிந்தவன் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நுழைகிறேன்.

ராணுவச் சட்டக் காலத்தில் அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. சுவரில் எழுதியவன், துண்டுப் பிரசுரம் வைத்திருந்தவன் என்று சின்னச் சின்னக் குற்றச்சாட்டுகளுக்குச் சிறைத்தண்டனை விதித்துக்கொண்டிருந்த நீதிமன்றங்களைப் படமெடுக்க 1982இல் அனுமதி வாங்கினார். குற்றம் சாட்டுகிறவர், சாட்டப்படுகிறவர் இருவரின் முகமும் வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கேதான் கிறிஸ்டோஃப் பியெசிவிச் என்ற வழக்கறிஞரின் அறிமுகம். அவர் முதலில் இவரை நம்பவே இல்லையாம்.

உள்ளே போனால் ஒரு வினோதம். கேமரா இருந்தால் நீதிபதி கடும் தண்டனை கொடுப்பதில்லை. தன் முகம் பதிவாவதை எந்த நீதிபதியும் விரும்பவில்லை. விஷயம் பரவி, என் வழக்குக்கு வாருங்கள், என் வழக்குக்கு வாருங்கள் என்று வழக்கறிஞர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்ததால் இன்னொரு கேமராவும் வந்தது. அதில் பிலிமே கிடையாது! சும்மா நிறுத்திவைப்பதற்கு. கடைசியில் படம் ஒன்றும் தேறவில்லை. அவர் எடுக்க நினைத்த அந்தத் தீர்ப்புக் காட்சி அவர் இருந்ததாலேயே நடக்கவில்லை.

எடுக்காத படத்தால் சிலர் சிறைக்குப் போகாமல் தப்பினார்கள். இதைக் கையைக் கழுவுவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வழக்கறிஞர்தான் பிறகு ‘நோ எண்ட்’ முதல் ‘ரெட்’ வரை அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதினார்.

செங்குன்றம்

பிலிம் இல்லாத கேமரா, இது எனக்குப் புதுச் செய்தி. ஆனாலும் ‘நோ எண்ட்’ படத்தில் என்ன செய்கிறார்? சிறையிலிருக்கும் தொழிலாளி சமரசம் செய்துகொண்டு வெளியே வருகிறான், இறந்துபோன வழக்கறிஞர் ஆவியாக நின்று பார்க்கிறார், அவருடைய மனைவி தற்கொலை செய்துகொள்கிறாள். போராடிக்கொண்டிருந்த மக்களுக்கு இதுவா செய்தி?

வக்கீல்_குமாஸ்தா

செய்தி சொல்லாததால்தான் மூன்று பக்கமும் அடி விழுந்தது. அரசுக்கு அது எதிர்க்கட்சிப் படம். எதிர்க்கட்சிக்கு அது தோல்வியை ஒப்புக்கொள்ளும் படம். திருச்சபைக்குத் தற்கொலையும் நிர்வாணமும் பிடிக்கவில்லை. 1984, 85இல் அந்த நாட்டு மக்கள் சோர்ந்துபோய் இருந்தார்கள். இருந்ததை எடுத்தார். வீரத்தை எடுக்க வேறு ஆட்கள் இருந்தார்களே.

நீலா_ரா

‘பிளைண்ட் சான்ஸ்’ பற்றி யாருமே சொல்லவில்லையே! 1981இல் முடித்த படம், 1987 வரை பெட்டிக்குள் கிடந்தது. விடெக் ஓடிப்போய் ரயிலைப் பிடித்தால் கட்சிக்காரன் ஆகிறான். காவலரோடு மோதிப் பிடிக்காமல் போனால் எதிர்ப்பியக்கத்துக்குப் போகிறான். மூன்றாவது முறை, இரண்டுமே வேண்டாம் என்று டாக்டராகக் குடும்பத்தோடு இருக்கிறான். மூன்றாவதில் அவன் ஏறும் விமானம் வெடித்துவிடுகிறது. அரசியலே வேண்டாம் என்று ஒதுங்கியவனுக்குத்தான் அந்த முடிவு. செங்குன்றம் இதைக் கவனிக்க வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. பேருந்தைப் பிடித்தால், விட்டால் என்று ஜீவா எடுத்த ‘12பி’ (2001) நம்மில் பலருக்கு இந்த வகைக் கதையின் முதல் அறிமுகம். இருபது வருடம் முன்பே போலந்தில் ஒருத்தன் ரயிலுக்கு ஓடியிருக்கிறான். ஆனால் 12பியில் கேள்வி வேலையும் காதலும். விடெக்குக்குக் கேள்வி, எந்தக் கூட்டத்தில் போய் நிற்பது என்பது. மூன்று வாழ்க்கையிலும் விடெக்கின் குணம் மாறுவதில்லை, நல்லவனாகவே இருக்கிறான். எனக்குப் படத்தில் பிடித்தது அதுதான்.

புதுவரவு_சரண்

எல்லாருக்கும் வணக்கம். இதில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. ‘டெகலாக்’ பத்துப் படம் என்கிறார்களே, பைபிள் தெரியாமல் பார்த்தால் புரியுமா?

ரீல்பெட்டி

தாராளமாகப் புரியும் தம்பி. பியெசிவிச் ஒரு நாள் தெருவில் பார்த்து, பத்துக் கட்டளைகளை யாராவது படமாக எடுக்க வேண்டும், நீங்களே எடுங்களேன் என்று சொன்னதில் பிறந்தது அது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், போலந்துத் தொலைக்காட்சிக்காக 1988-89இல் எடுத்தது. எந்தப் படத்திலும் கட்டளையை யாரும் வாசித்துக் காட்டமாட்டார்கள். வார்சாவில் ஒரே மாதிரியான அடுக்குமாடிக் குடியிருப்பு, அங்கே இருக்கும் மனிதர்கள், அவர்களுக்கு வரும் சிக்கல். ஒரு படத்தில் முக்கியமானவர் இன்னொன்றில் லிஃப்டில் வந்து போவார். பேசாமல் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கும் ஒரு மனிதர் பெரும்பாலான படங்களில் வருவார். யார் அவர் என்று கேட்காதே, கீஸ்லோவ்ஸ்கியே சொன்னதில்லை.

இன்னொன்று, பத்துப் படத்துக்கு ஒன்பது ஒளிப்பதிவாளர்கள். மூன்றாவதையும் ஒன்பதாவதையும் மட்டும் ஒருவரே செய்தார், பியோதர் சோபோசின்ஸ்கி. பின்னால் ‘ரெட்’ எடுத்தவர். ஒவ்வொருவருக்கும் முழுச் சுதந்திரம். இருந்தும் பத்தும் ஒரே கை எடுத்தது மாதிரி இருக்கிறது. என்னால் இன்றுவரை விளக்க முடியாத விஷயம்.

வக்கீல்_குமாஸ்தா

ஐந்தாவதைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். அதன் நீண்ட வடிவம்தான் ‘எ ஷார்ட் ஃபிலிம் அபௌட் கில்லிங்’. 1988இல் கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கியது, ஐரோப்பியத் திரைப்பட விருது தொடங்கிய முதல் ஆண்டில் சிறந்த படம்.

யாசெக் என்ற இளைஞன் காரணமே இல்லாமல் ஒரு டாக்ஸி ஓட்டுநரைக் கொல்கிறான். அந்தக் கொலை நிமிடக்கணக்கில் நீள்கிறது. சினிமாவில் மனிதர்கள் பட்டென்று செத்துப் பழகிய நமக்கு அது தாங்காது. கயிறு, கம்பி, கல், ஒவ்வொன்றாக. அப்புறம் வழக்கு விசாரணையையே காட்டாமல் தாண்டிவிடுகிறார்! என் தொழில்காரர்களுக்கு அது ஏமாற்றம். நேராகத் தீர்ப்பு, பிறகு தூக்குமேடை. திரைச்சீலையை இழுத்துப் பார்க்கிறார்கள், கயிற்றின் உயரத்தைச் சரிசெய்கிறார்கள், கீழே ஒரு தட்டை வைக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காக, நேரத்துக்கு. முதல் கொலையில் தடுமாற்றம் இருந்தது, இரண்டாவதில் பயிற்சி இருக்கிறது.

தூக்கு வேண்டுமா என்று இரண்டு மணி நேரம் வாதாடலாம். அவர் வாதாடவில்லை. கொலைகாரனைக் கொஞ்சமும் நல்லவனாக்கவில்லை, கொல்லப்பட்டவரையும் நல்லவராக்கவில்லை. அப்படி ஆக்கியிருந்தால் நம் முடிவு சுலபமாகியிருக்கும். போலந்தில் 1988 ஏப்ரலுக்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை, 1997 சட்டத்தில் தண்டனையே நீக்கப்பட்டது. படத்தால் நின்றது என்று சொல்லக்கூடாது, ஆட்சியே மாறிய காலம் அது. ஆனால் அந்த விவாதத்தின் நடுவில் இந்தப் படம் இருந்தது.

நீலா_ரா

ஒளிப்பதிவாளர் இட்ஸியாக் கேமரா லென்ஸில் போட்ட பச்சை வடிகட்டிகளை விட்டுவிட்டீர்களே. இந்தப் படத்துக்காகவே நிறைய வடிகட்டிகள் தயார் செய்தாராம். வார்சாவே அழுகிப்போன மாதிரி, ஓரங்களெல்லாம் இருட்டு. அதே ஆள்தான் ‘வெரோனிக்’ படத்தில் பொன்மஞ்சளும் ‘ப்ளூ’வில் நீலமும். பாதரசம் சார், போலந்துப் படத்தில் வடிகட்டி போட்டால் கலை, பிரெஞ்சுப் படத்தில் போட்டால் ஒப்பனையா?

பாதரசம்

நல்ல அடி. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. அங்கே பச்சை ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறது. இங்கே பொன்மஞ்சள் அந்தப் பெண் அழகி என்பதைத்தான் சொல்கிறது. அது எங்களுக்கே தெரிகிறது.

‘ப்ளூ’வில் ஒரு பேரிசையமைப்பாளரின் விதவை, பெரிய வீடு, ஐரோப்பிய ஒற்றுமைக்கு ஒரு இசைக்கோவை. சர்க்கரைக் கட்டி காபியில் நனைவதை அண்மைக்காட்சியில் காட்டுகிறார். ‘ஹாஸ்பிடல்’ ஆவணப்படத்தில் எலும்பு அறுவைச் சிகிச்சையின் நடுவில் சுத்தியல் உடைந்துபோகிறதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மருத்துவர்களை எடுத்தவரா இந்தச் சர்க்கரையை எடுத்தார்?

கடற்கரைச்சாலை

அவரேதான் எடுத்தார், அதே பிடிவாதத்தோடு. அந்தச் சர்க்கரை ஐந்து விநாடியில் முழுக்க நனைய வேண்டும், ஏழெட்டு விநாடி என்றால் பார்வையாளருக்கு நீண்டுவிடும் என்று உதவியாளரை விட்டுப் பல வகைச் சர்க்கரைக் கட்டிகளைச் சோதித்தார். காதலிப்பதாகச் சொல்லும் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறான், அந்த விதவை ஜூலி சர்க்கரையை மட்டும் பார்க்கிறாள். வெளியுலகம் எதுவும் எனக்கு வேண்டாம் என்பதை இதைவிடக் குறைந்த செலவில் எப்படிச் சொல்வது? இது ஆவணப்படக்காரனின் கண். வசனம் எழுதத் தெரியாதவர் இல்லை, வசனத்தை நம்பாதவர். ‘டெகலாக்’ திரைக்கதைப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியபோது இயக்குநர் குப்ரிக் பாராட்டியதும் கருத்துகளைப் பேசாமல் நிகழ்த்திக் காட்டும் இந்தத் திறனைத்தான்.

அப்புறம் அந்த முதியவர். மூன்று வண்ணங்களிலும் முதுகு வளைந்த ஒரு வயதானவர் பாட்டிலை மறுசுழற்சித் தொட்டியில் போட முயல்கிறார், துளை எட்டவில்லை. ‘ப்ளூ’வில் ஜூலி கண்மூடி வெயில் காய்கிறாள், பார்க்கவேயில்லை. ‘ஒயிட்’டில் கரோல் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான். ‘ரெட்’டில் வாலண்டைன் எழுந்து போய் உதவுகிறாள். மூன்று படங்களின் கருவான சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பதை வசனமாக எழுதியிருந்தால் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருப்போமா?

செங்குன்றம்

‘ஒயிட்’ மட்டும் எனக்குப் பிடிக்கும். மனைவி துரத்திவிட்ட போலந்துக்காரன் பெட்டிக்குள் அடைந்து விமானத்தில் சொந்த ஊர் வருகிறான், திருடர்கள் பெட்டியைத் திருடி, உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்து உதைக்கிறார்கள். குப்பைமேட்டில் விழுந்து எழுந்து, அப்பாடா வீட்டுக்கு வந்துவிட்டோம் என்கிறான். கம்யூனிசம் போய்ச் சந்தை வந்த போலந்தில் எல்லாவற்றையும் விலைக்கு வாங்கலாம், பிணத்தைக்கூட. அரசியலை விட்டுவிட்டார் என்று நான் சொன்னதற்கு இந்த ஒரு படத்துக்கு மட்டும் விலக்கு.

ரீல்பெட்டி

நான் சொல்ல வந்தது ‘ரெட்’ பற்றி. ஜெனீவாவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், ட்ரான்டின்யான் நடித்தது. அக்கம்பக்கத்தாரின் தொலைபேசிப் பேச்சுகளை வீட்டில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிறார். தீங்கு செய்ய இல்லை, தெரிந்துகொள்ள. நீதிமன்றத்தில் கிடைக்காத உண்மை இங்கே கிடைக்கிறது என்கிறார். வாலண்டைன் அருவருக்கிறாள். அவர் தன்னைத்தானே போலீஸில் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

இப்போது ‘ஸ்டேஷன்’ கடைசியில் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆளை நினைத்துப் பாருங்கள். பதினான்கு வருடம் கழித்து அதே ஆளுக்குப் பெயர், நாய், வீடு, ஒரு பழைய காதல் தோல்வி எல்லாம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். பிறர் வாழ்க்கையைப் பார்க்க எனக்கு என்ன உரிமை என்ற கேள்வியை அவர் போலந்திலேயே விட்டுவிட்டு வரவில்லை. பாதரசம், உங்கள் ஆவணப்படக் கீஸ்லோவ்ஸ்கியும் இவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு நான் வைக்கும் சாட்சி இந்த நீதிபதி.

பாதரசம்

இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. ‘ரெட்’டைத் திரும்பப் பார்க்கிறேன். ‘வெரோனிக்’ விஷயத்தில் மாறமாட்டேன்.

நீலா_ரா

‘ரெட்’டுக்கு 1994 கான் விழாவில் ஒரு பரிசும் இல்லை, ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ தங்கப் பனையை எடுத்துக்கொண்டு போனது. ஸ்விட்சர்லாந்து சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியதையும், அது போதுமான அளவு ஸ்விஸ் படம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆனால் இயக்கம், திரைக்கதை, ஒளிப்பதிவு மூன்றுக்கும் பரிந்துரை வந்தது. விருதுக் குழுக்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது தனி ஆராய்ச்சி. ‘ப்ளூ’வுக்கு வெனிஸில் தங்கச் சிங்கம், அதுவும் இயக்குநர் ஆல்ட்மனின் படத்தோடு பகிர்ந்து. ‘ஒயிட்’டுக்கு பெர்லினில் இயக்குநர் விருது. மூன்றும் ஒரு வருடத்துக்குள் வெளிவந்தன. ஒன்றைப் படமெடுத்துக்கொண்டே இன்னொன்றின் படத்தொகுப்பு. உடம்பு என்னத்துக்கு ஆகும்?

கடற்கரைச்சாலை

ஆகவில்லை. அதோடு ஓய்வு அறிவித்துவிட்டார். இனி உட்கார்ந்து சிகரெட் பிடிக்கப்போகிறேன் என்கிற மாதிரி பேசினார். 1996 மார்ச் 13இல் இதய பைபாஸ் அறுவைக்குப் பிறகு இறந்தார், வயது 54. ஓய்வு என்று சொன்னாலும் சும்மா இருக்கவில்லை. பியெசிவிச்சோடு சொர்க்கம், நரகம், உத்தரிப்பு (பாவம் கழிக்கும் இடைநிலை) என்று மூன்று படங்களுக்கு யோசித்துக்கொண்டிருந்தார். ‘ஹெவன்’ திரைக்கதையை டாம் டிக்வர் 2002இல் எடுத்தார். ‘ஹெல்’ படத்தை டானிஸ் டானோவிச் 2005இல். இரண்டும் பார்த்தேன். திரைக்கதை அவர்களுடையது என்று தெரிகிறது, சர்க்கரை நனைய எத்தனை விநாடி என்று பார்க்க ஆள் இல்லை என்பதும் தெரிகிறது.

அதைவிட ஸ்டூர் எடுத்த ‘பிக் அனிமல்’ (2000) எனக்குப் பிடித்தது. எழுபதுகளில் கீஸ்லோவ்ஸ்கி எழுதி வைத்திருந்த திரைக்கதை. சர்க்கஸ்காரர்கள் விட்டுப்போன ஒட்டகத்தை ஒரு சிற்றூர்த் தம்பதி வளர்க்கிறார்கள், ஊருக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

புதுவரவு_சரண்

நன்றி அண்ணன்களே, அக்கா. எதில் தொடங்குவது என்று மட்டும் ஒருவர் சொல்லுங்கள், ஐந்து பேர் ஐந்து சொல்லாமல்.

பாதரசம்

‘டாக்கிங் ஹெட்ஸ்’. கால் மணி நேரம். அப்புறம் ‘கேமரா பஃப்’.

நீலா_ரா

‘ப்ளூ’வில் தொடங்கு. நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்.

ரீல்பெட்டி

தம்பி கேட்டதே இதுதான், ஐந்து பேர் ஐந்து சொல்லாதீர்கள் என்று! ‘டெகலாக்’ முதல் படம் பார். அப்பா கணினியில் கணக்குப் போட்டு ஏரிப் பனி தாங்கும் என்கிறார், மகன் சறுக்கப் போகிறான். அது கனமாக இருந்தால் நேரே பத்தாவதுக்குப் போய்விடு. அப்பா விட்டுப்போன தபால்தலைச் சேகரிப்புக்காக ஒரு மகன் சிறுநீரகத்தையே கொடுக்கிற கதை. வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

வக்கீல்_குமாஸ்தா

ஐந்தாவதை மட்டும் சாப்பிட்ட உடனே பார்க்காதே தம்பி.